பாறைக்குள் எவ்வளவு? அருமண் தனிமங்களை அளப்பதும் அறிவிப்பதும்

(பல்லடத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2025 ஏப்ரல் 4ஆம் தேதி சீன அரசு ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லூட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் என்பவை அவை. இவற்றில் சில காந்தம் செய்யத் தேவையானவை. அடுத்த சில மாதங்களுக்குள் நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகள் காந்தம் கிடைக்காமல் திணறின. மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கிற கொங்கு நாட்டுக்கு இது தொலைதூரத்துச் சேதி அல்ல. மின்வாகன மோட்டாரிலும், புதிய காற்றாலைகளில் சில வகைகளிலும் இருக்கிற வலுவான காந்தத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள்தாம். இந்தத் தட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் "நம் மண்ணுக்கடியில் இருக்கிறதாமே" என்ற பேச்சு ஊருக்கு ஊர் எழுந்தது. ஒரு சாராருக்கு அது கனவு, இன்னொரு சாராருக்கு அச்சம். இந்த இரண்டுக்கும் முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது அளப்பது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. பாறையில் ஒரு தனிமம் இருக்கிறது என்பது வெறும் செய்தி. எவ்வளவு இருக்கிறது, எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது, அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது அறிவு. அந்த அறிவு அரசின் கோப்புக்கு மட்டுமல்ல, நிலத்தின் மேல் வாழ்கிற மக்களுக்கும் உரியது.

முதலில், "இருக்கிறதா?" என்ற கேள்வியே ஏன் பயனற்றது என்று பார்ப்போம். பூமியின் மேலோட்டில் சீரியம் சராசரியாகப் பத்து லட்சத்தில் அறுபது பங்கு அளவில் இருக்கிறது. செம்பும் ஏறத்தாழ அதே அளவுதான். சாதாரண கருங்கல் ஜல்லி ஒரு கைப்பிடி எடுத்து இன்றைய கருவியில் கொடுத்தால் லாந்தனம் முதல் லூட்டீசியம் வரை அத்தனையையும் அது காட்டிவிடும். இந்த ஊரில் எந்தத் தோட்டத்துப் பாறையை உடைத்துக் கொடுத்தாலும் விடை "இருக்கிறது" என்றுதான் வரும். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்துக் கல்லில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு அருமண் ஆக்சைடு உண்டு. நம் ஜல்லியில் இருப்பது பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. முன்னது சுரங்கம், பின்னது வெறும் கல். இரண்டையும் பிரிப்பது எண் மட்டுமே. ஆகவே ஏதோ ஓர் ஆய்வில் அருமண் தனிமம் "கண்டறியப்பட்டது" என்று மட்டும் ஒரு செய்தி சொன்னால், அது நமக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

எண் கேட்கத் தகுதியான இடங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையைச் சுற்றி நெஃபலின் சயனைட் என்னும் காரப்பாறை பரவியிருக்கிறது. புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அதை விரிவாக ஆராய்ந்து 1901இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நூல்வரிசையில் வெளியிட்டார். வடக்கே நகர்ந்தால், சேலம் மாவட்டத்தில் எடப்பாடிப் பக்கம் பக்கநாடு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமல்பட்டி, திருப்பத்தூர் மாவட்டத்தில் சேவத்தூர், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஒகேனக்கல் என்று கார்பனடைட் பாறைகள் வரிசையாக உள்ளன. கார்பனடைட் பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் மாதிரியே இருக்கும், அமிலம் விட்டால் அதைப் போலவே நுரைக்கும். ஆனால் கடலடியில் படிந்த கல் அல்ல அது, பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி வந்து உறைந்தது. உலகின் பெரிய அருமண் சுரங்கங்களான சீனத்தின் பயான் ஓபோ, மவுண்டன் பாஸ், ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் மூன்றும் கார்பனடைட்டோடு தொடர்புடையவை. குஜராத்தின் அம்பாடோங்கர் அருமண் படிவும் அப்படியே. தமிழ்நாட்டுக் கார்பனடைட்டுகளைப் பற்றி சோவியத் அறிஞர்களும் நம் அறிஞர்களும் சேர்ந்து 1971இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். அதாவது இவை இருப்பது தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் நம் மக்களிடம் இவற்றைப் பற்றி ஒரு தெளிவான கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? அது ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, வயலில் தொடங்குகிறது. கொங்கு மக்களுக்கு ஆழ்துளைக் கிணறு புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடிக்கு மேலும் இறங்குகின்றன. ஆனால் தண்ணீருக்குப் போடுகிற போர்வெல், காற்றழுத்தத்தில் சம்மட்டி போல் இடித்துப் பாறையைத் துகளாக்கி மேலே ஊதித் தள்ளுகிறது. மேலடுக்குத் தூளும் கீழடுக்குத் தூளும் கலந்துவிடும், நுண்ணிய தூள் காற்றோடு போய்விடும். எந்த ஆழத்தில் என்ன இருந்தது என்று துல்லியமாகச் சொல்ல அந்தத் தூள் போதாது. கனிம ஆய்வுக்கு வைரப்பல் பதித்த குழல் வேண்டும். அது பாறையை வட்டமாக அறுத்து, உருளை வடிவத் தண்டாக வெளியே எடுக்கிறது. ஒரு மீட்டர் துளைத்தால் ஒரு மீட்டர் தண்டு வர வேண்டும். முக்கால் மீட்டர்தான் வந்தது என்றால் கால் மீட்டர் நொறுங்கிப் போயிருக்கிறது. அருமண் கனிமம் அந்த நொறுங்கிய பகுதியில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மறுபாதியை அடையாளமிட்ட பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். நாளை யாராவது ஐயம் எழுப்பினால் மறு ஆய்வுக்குச் சான்று அந்த மறுபாதிதான். அனுப்பிய பாதியை நொறுக்கி, மாவாக அரைத்து, குவித்து, நான்காகப் பங்கிட்டு, மீண்டும் பங்கிட்டுக் கடைசியில் ஒரு கிராமுக்கும் குறைவான பொடிதான் கருவிக்குப் போகிறது. பல கிலோ கல்லுக்கு அந்தச் சிட்டிகைப் பொடி பேச வேண்டியிருப்பதால், பங்கீட்டில் நேரும் சிறு கவனக்குறைவும் கடைசி எண்ணில் வந்து நிற்கும்.

இனி ஆய்வகம். பொடியைக் கரைசலாக்க நான்கு வலிய அமிலங்களில் வேகவைப்பது வழக்கமான முறை. பெரும்பாலான கனிமங்கள் கரைந்துவிடும். ஆனால் சிர்க்கான் அசைந்து கொடுக்காது, மோனசைட்டும் முழுதாகக் கரைவதில்லை. அமிலத்திலுள்ள ஃபுளோரின் அருமண் தனிமங்களைப் பிடித்து, கரையாத வண்டலாக அடியில் இறக்கிவிடவும் கூடும். அப்போது கருவி சரியாக அளந்தாலும் விடை குறைவாக வரும், ஏனென்றால் அளக்க வேண்டிய பொருள் கரைசலிலேயே இல்லை. அதனால் இவ்வகைப் பாறைகளை லித்தியம் போரேட்டோடு கலந்து ஏறத்தாழ 1,000 டிகிரி சூட்டில் உருக்கி, பிறகு கரைக்கிறார்கள். அந்தக் கரைசல் ஐசிபி-எம்எஸ் என்னும் கருவிக்குள் செல்கிறது. ஆர்கான் வாயுவின் கொதிக்கும் பிளாஸ்மா அணுக்களை மின்னூட்டம் பெறச் செய்ய, கருவி அவற்றை நிறை எண்படி பிரித்து எண்ணுகிறது. கோடியில் ஒரு பங்கையும் கண்டுபிடிக்கக்கூடிய கருவி அது.

அந்த நுட்பமான கருவியும் ஏமாறும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். டெர்பியத்துக்கு இயற்கையில் ஒரே ஒரு நிறை எண்தான், 159. நியோடிமியத்துக்கு ஏழு நிறை எண்கள் உண்டு, அவற்றில் ஒன்று 143. பிளாஸ்மாவில் நியோடிமியம் சிறிதளவு ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளும். ஆக்சிஜன் 16. 143உம் 16உம் சேர்ந்தால் 159. கருவிக்கு அது டெர்பியமாகத்தான் தெரியும். ஒரு பாறையில் நியோடிமியம் பத்து லட்சத்தில் 2,000 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 143ஆம் நிறை எண்ணின் பங்கு 12 விழுக்காடு, அதாவது சுமார் 240. அதில் நூற்றுக்கு ஒன்று ஆக்சைடானாலும் 2.4 பங்கு பொய்யான டெர்பியம் கணக்கில் ஏறிவிடும். உண்மையான டெர்பியம் 5 பங்குதான் என்றால், அறிக்கையில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். நியோடிமியம் மிகுதியாகவும் டெர்பியம் சொற்பமாகவும் இருப்பதுதான் கார்பனடைட்டின் பொது இயல்பு. விலை மிகுந்த டெர்பியத்தில்தான் இந்தப் பிழை விழுகிறது. பேரியத்திலும் இதே சிக்கல் உண்டு. பேரியம் 135, 137 இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 151, 153 ஆகும். யூரோபியத்துக்கு இருப்பவையே அந்த இரண்டு எண்கள்தாம், தப்பித்துக்கொள்ள மூன்றாவது இல்லை. சாமல்பட்டிக்கு அருகே ஜோகிப்பட்டியில் பேரியம் நிறைந்த பென்ஸ்டனைட் என்னும் கனிமம் கொண்ட கார்பனடைட் இருக்கிறது. அங்கே எடுத்த கல்லின் யூரோபியம் எண்ணை, பேரியத் திருத்தம் செய்ததா என்று கேட்காமல் ஏற்கக் கூடாது.

இந்தப் பிழைகளைத் திருத்த வழிகள் இருக்கின்றன. தூய நியோடிமியக் கரைசலைத் தனியாக ஓட்டி, எவ்வளவு ஆக்சைடு உண்டாகிறது என்று அளந்து கழிக்கலாம். அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட சான்றுப்பொடியை இடையிடையே கொடுத்துச் சரிபார்க்கலாம். இந்தத் தனிமங்களின் உறவிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் விண்கல்லில் அது இருக்கும் அளவால் வகுத்து வரிசையாகப் புள்ளி வைத்தால், கோடு வழுவழுப்பாக இறங்க வேண்டும். சீரியமும் யூரோபியமும் மட்டுமே இயற்கைக் காரணத்தால் மேலோ கீழோ விலகலாம். டெர்பியம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் பிழை பாறையில் இல்லை, ஆய்வில். ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், அங்கேயே தலைமையிடம் கொண்ட அணுக்கனிம இயக்ககமும் இத்துறையில் தேர்ந்தவை. நம் நாட்டுக்குத் திறமைக் குறைவு இல்லை. அளந்த எண்ணோடு அதன் பிழைவரம்பையும் சேர்த்து வெளியிடுகிற பழக்கம்தான் போதவில்லை.

சரி, எண் சரியாகவே வந்துவிட்டது என்று கொள்வோம். அது போதுமா? பஞ்சு வாங்குகிற மில்காரர் பேலின் எடையை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. இழை நீளம், இழையின் நுண்மையைக் காட்டும் மைக்ரோனேர், ஈரப்பதம், கழிவு எல்லாம் பார்ப்பார். பாறையிலும் மொத்த அளவைவிட அது எந்தக் கனிமத்தில் அடைபட்டிருக்கிறது என்பது முக்கியம். உலகில் வணிக முறையில் அருமண் தருபவை பாஸ்ட்னசைட், மோனசைட், செனோடைம், லோபரைட், பிறகு தென்சீனத்துக் களிமண் என்று விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பக்கநாட்டுப் பாறைகளில் மோனசைட்டும் உண்டு, அல்லனைட்டும் உண்டு. அல்லனைட் ஒரு சிலிக்கேட். அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம், செலவும் மிகும். ஆய்வகத்து எண் இரண்டையும் ஒன்றாகவே கூட்டிக் காட்டும். மறுபுறம், தென்சீனத்துக் களிமண்ணில் இருப்பது நூற்றுக்கு 0.05 முதல் 0.2 பங்குதான். ஆனால் அது களிமண் துகளின் மேல் தளர்வாக ஒட்டியிருப்பதால் உப்புக்கரைசலில் எளிதாகக் கழன்று வந்துவிடுகிறது. டெர்பியம், டிஸ்புரோசியம் போன்ற கனஅருமண் தனிமங்களை உலகுக்குப் பெருமளவில் தந்தது அதுதான், அந்தக் கரைசலால் மலைச்சரிவுகளும் நீர்நிலைகளும் கெட்டதும் அங்கேதான். ஆகவே, குறைந்த எண் சுரங்கமாவதும், கூடுதல் எண் கல்லாகவே கிடப்பதும் நடக்கக்கூடியதே.

எண்ணோடு சேர்ந்தே வர வேண்டிய இன்னொரு எண் தோரியம். மணவாளக்குறிச்சியில் 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அடையாளம் கண்ட மோனசைட்டில் அருமண் ஆக்சைடு பாதிக்கு மேல் உண்டு. கூடவே நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு தோரியம் ஆக்சைடும் உண்டு. தோரியத்தின் கதிர்வீச்சை வைத்தே பல இடங்களில் அருமண் தனிமங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். மவுண்டன் பாஸ் பாறை 1949இல் சிக்கியது, யுரேனியம் தேடிப் போனவர்களின் கைகர் கருவி துடித்ததால்தான். தேடுபவருக்கு வழிகாட்டுகிற அதே தனிமம், தோண்டி எடுத்த பிறகு கழிவுக்குட்டையில் தங்குகிறது. ஆகவே அருமண் எண்ணை மட்டும் வெளியிட்டுத் தோரியம், யுரேனியம் எண்களை வெளியிடாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

இனி மொத்த இருப்பு. ஒரு கார்பனடைட் பட்டை 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் ஆழம், 10 மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 50,000 கனமீட்டர், ஏறத்தாழ 1,40,000 டன் கல். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அருமண் ஆக்சைடு என்றால் 1,400 டன். அதில் நியோடிமியம் 15 விழுக்காடு என்றால் 210 டன். பிரித்தெடுக்கையில் 60 விழுக்காடுதான் கைக்கு வரும் என்றால் 126 டன் ஆக்சைடு, உலோகமாக்கினால் சுமார் 108 டன். காந்தமாகச் செய்தால் ஏறக்குறைய 360 டன். மத்திய அரசு 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்த காந்தத் திட்டத்தின் இலக்கு ஆண்டுக்கு 6,000 டன். நம் உதாரணப் பட்டை மொத்தமும் அதற்கு மூன்று வாரத் தீனி. இப்போது அந்தப் பத்து மீட்டர் தடிமன் இரண்டே துளைகளை நம்பிச் சொன்னது, நடுவில் பட்டை ஒடுங்கி, சராசரித் தடிமன் ஏழு மீட்டர்தான் என்றால் கணக்கில் 30 விழுக்காடு போய்விடும். ஆய்வகத்தில் ஐந்து விழுக்காட்டுப் பிழைக்குப் போராடுகிறோம், வயலில் துளை போதாமல் முப்பது விழுக்காட்டை விடுகிறோம். கார்பனடைட் சமமாகப் பரந்த பாறை அல்ல. நரம்பாகவும் வில்லையாகவும் ஒடுங்கி விரிந்து ஓடும். நெருக்கமாகத் துளைக்காமல் அதை அளந்ததாகச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஆய்வை ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு படிகளாக வகுத்திருக்கிறார்கள். ஜி4 முதல் நோட்டம், ஜி1 நெருங்கத் துளைத்து உறுதிசெய்தது. இந்தப் படியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2022 ஜூலையில் துருக்கி அரசு பெய்லிகோவாவில் 69.4 கோடி டன் கண்டதாக அறிவித்து, உலகில் இரண்டாமிடம் என்றது. உலகம் முழுதுக்குமான அருமண் ஆக்சைடு இருப்பே அப்போது சுமார் 12 கோடி டன்னாகத்தான் மதிப்பிடப்பட்டிருந்தது. துருக்கி சொன்னது மொத்தக் கல்லின் எடை, உலகக் கணக்கு உள்ளிருக்கும் ஆக்சைடின் எடை. நம் நாட்டிலும் 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் என்று கொண்டாடினோம். அது ஜி3 படியில் ஊகித்த தாதுவின் அளவு. 2024இல் போதிய ஏலதாரர் வராமல் ஏலம் ரத்தானது. இந்தியாவின் அருமண் கணக்கிலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடற்கரை மணல், தேரி மணல் முதலியவற்றின் மோனசைட்டில் 72.3 லட்சம் டன் ஆக்சைடு என்றும், குஜராத், ராஜஸ்தான் கடினப்பாறைகளில் 12.9 லட்சம் டன் என்றும் அரசு 2025இல் சொன்னது. கூடவே புவியியல் ஆய்வுத் துறை 34 ஆய்வுத் திட்டங்களில் 48.26 கோடி டன் தாது கண்டதாகவும் சொன்னது. முதல் இரண்டும் ஆக்சைடு, மூன்றாவது தாதுக்கல். மூன்றையும் ஒரே மூச்சில் கூட்டிப் பேசுவோர் நம்மிடையே குறைவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "இப்படித் துளைத்துத் துளைத்து அளந்துகொண்டிருந்தால் சீனம் இன்னும் ஐம்பது ஆண்டு முன்னே போய்விடும், முதலில் ஏலம் விடுங்கள், வாங்கியவர் அளந்துகொள்ளட்டும்" என்கிறார்கள். அவசரம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. 2024இல் சீனத்தின் சுரங்க ஒதுக்கீடு 2,70,000 டன், நம் உற்பத்தி சுமார் 2,900 டன்தான். ஆனால் அளக்காத நிலத்தை யாரும் நம்பி வாங்குவதில்லை என்பதைத்தான் ரியாசி காட்டியது. முக்கியக் கனிமத் தொகுதிகள் பல இதே காரணத்தால் ஏலம் போகாமல் திரும்பின. அளவையைத் தவிர்த்தால் காலம் மிச்சமாவதில்லை, ஏல அறிவிப்புக்கும் ரத்து அறிவிப்புக்கும் நடுவில் அது வீணாகிறது. தவிர, பத்துத் துளையில் "இங்கே இல்லை" என்று தெரிந்துவிட்டால், அதுவே பெரிய சேமிப்பு.

இன்னொரு மறுப்பு நிலத்திலிருந்து வருவது, அதைக் கூடுதல் மரியாதையோடு கேட்க வேண்டும். "அளக்க வந்தவன் எடுக்கத்தான் வருவான், அளக்கவே விடாதீர்கள்" என்பது அது. இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனதை மக்கள் செய்தியாகத்தான் அறிந்தார்கள். அவர்கள் திரண்ட பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவிட்டது. மக்களைக் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு மக்கள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இதற்கு விடை அளவையைத் தடுப்பதல்ல, அளவையைப் பொதுவாக்குவது. உன் நிலத்தடியில் பெறுமானமுள்ள எதுவும் இல்லை என்று சொல்லும் எண் உழவரின் கையில் இருந்தால் அது அவருக்குக் காப்பு. தோரியம் இவ்வளவு, நிலத்தடி நீர் இந்த ஆழத்தில் என்று சொல்லும் எண் இருந்தால் அது வழக்காடும் ஆயுதம். அறியாமை எப்போதும் வலியவருக்கே உதவும். நிபந்தனையும் உண்டு. உரியவர் ஒப்புதல் இல்லாமல் துளை போடக் கூடாது, போட்ட துளையைச் சிமெண்ட் இட்டு மூட வேண்டும், நீரடுக்குகள் ஒன்றோடொன்று கலக்க விடக் கூடாது. நிலத்தடி நீருக்கு இவ்வளவு தவிக்கிற பல்லடம் வட்டாரத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். சிவன்மலை முதல் சேவத்தூர் வரையுள்ள பாறைகளின் அளவைத் தரவுகளை, எத்தனை துளை, எவ்வளவு தண்டு மீண்டது, எந்த முறையில் கரைத்தது, பிழைவரம்பு என்ன, எந்தக் கனிமம், தோரியம் எவ்வளவு, ஆய்வு எந்தப் படி என்ற விவரங்களோடு அரசு தமிழில் வெளியிட வேண்டும். ஏலத்துக்கு முன் அந்தந்தக் கிராமசபையில் அதை வாசித்துக் காட்ட வேண்டும். நம் பொறியியல், அறிவியல் கல்லூரிகள் அந்த எண்களை மறு ஆய்வு செய்யும் திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒவ்வொருவரும், அடுத்த முறை "நம் மண்ணில் புதையல்" என்று ஒரு செய்தி வந்தால், மகிழவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். அது கல்லின் எடையா, ஆக்சைடின் எடையா? எந்தக் கனிமத்தில்? எந்தப் படி ஆய்வு? கூடவே தோரியம் எவ்வளவு? இந்த நான்கையும் கேளுங்கள். விடை வரும் வரை அந்த எண்ணை ஏற்காதீர்கள்.